அவிக்காத மாவும் அயர்லாந்துக் கிழங்கு ரொட்டியும்

அயர்லாந்து எண்ட ஊரை நான் கண்ணாலை கண்டதில்லை. ஆனால் அந்த ஊரிலை பிறந்து வளந்து நரைச்ச ஒரு மனுசி, நான் சுட்ட ரொட்டியைத் திண்டுபோட்டு, இன்னும் ரெண்டு துண்டு கேட்டு வாங்கித் திண்டா. உதை நான் பெருமைக்குத்தான் சொல்லுறன். பெருமையான காரியத்தை அடக்கமாய்ச் சொல்லிப் பழக்கமில்லை எனக்கு.

ரெண்டாம் உலகச் சண்டைக்கு முந்தின காலம். எனக்கு இருபத்திநாலு வயசு இருக்கும். கலியாணம் முடிச்சு மூண்டாம் வருசம் என்ரை மனுசனை நெருப்புக்காய்ச்சல் கொண்டுபோட்டுது. பிள்ளையளும் இல்லை. அண்ணை வந்து கூட்டிக்கொண்டு போய்த் தன்ரை வீட்டிலை வைச்சார். அண்ணை நல்லவர். அண்ணையின்ரை மனுசி, என்ரை மச்சாள், அவவும் கெட்டவ எண்டு நான் சொல்ல மாட்டன். ஆனால் அடுப்பு அவவின்ரை. நான் புட்டு அவிச்சால் கல்லுப்போலை எண்டுவா. சொதி வைச்சால் கழுவின தண்ணி எண்டுவா. அண்ணை ரெண்டாந்தரம் சோறு கேட்டாரெண்டால் அண்டைக்கு முழுக்க அவவுக்கு முகம் இருட்டு.

மானிப்பாய்க்குக் கிட்ட ஒரு பொம்பிளைப்பிள்ளையளின்ரை பள்ளிக்கூடம் இருந்தது. தங்கிப் படிக்கிற பிள்ளையள் அறுபது பேர். அதை நடத்தினது அயர்லாந்திலையிருந்து வந்த ஒரு மிசியம்மா. அங்கத்தைக் குசினிக்கு மா இடிக்கவும் தேங்காய் துருவவும் ஆள் தேடுகினம் எண்டு கேள்விப்பட்டுப் போனன். விடியக் குளிச்சு, திருநீறு பூசிப்போட்டு நடந்து போவன், பொழுதுபட வீட்டை வருவன். அப்பிடி ஏழு வருசம்.

அந்தக் குசினிக்குப் பொறுப்பாய் இருந்தவர் ஒரு வயசுபோன மனுசன். நாங்கள் அப்பு எண்டுதான் கூப்பிடுறது. அவருக்குக் கண்ணிலை பூ விழுந்து, உப்பெது சீனியெது எண்டு நாக்கிலை வைச்சுப் பாத்துத்தான் சொல்லுவார். அந்த ஏழாம் வருசம், கிறிஸ்து பிறந்த நத்தாரோடை வேலையை விட்டுப்போட்டுச் சாவகச்சேரியிலை மகளோடை போய் இருக்கப்போறன் எண்டு சொல்லிப்போட்டார்.

குசினிக்குப் பொறுப்பான ஆளுக்கு, கிணத்தடிக்கு அங்காலை ஓடு போட்ட ஒரு அறை குடுக்கிறவை. சின்ன விறாந்தை, ஒரு யன்னல், கதவுக்குத் தாழ்ப்பாள். அப்பு போறார் எண்டு கேட்ட நேரம் தொடக்கம் எனக்கு அந்த வேலையும் அந்த அறையும் வேணும் எண்டு ஒரே நினைப்பு. என்ரை அடுப்பு. என்ரை கதவு. வேறை ஆசையெண்டு எனக்கு அப்ப ஒண்டும் இருக்கேல்லை.

அப்புவிட்டைச் சொன்னன். மனுசன் சிரிச்சார். இந்தக் குசினி கட்டின நாளிலையிருந்து ஆம்பிளையள்தான் பொறுப்பாய் இருந்தவையாம். அறுபது பேருக்குச் சோறு வடிக்கிற கிடாரத்தைப் பொம்பிளை தூக்குவாளோ எண்டார். அதோடை மிசியம்மா ஏற்கெனவே ஆள் பாத்தாச்சுது எண்டும் சொன்னார். யாழ்ப்பாணத்திலை துரைமார் வந்து தங்கிற வாடிவீடு ஒண்டிலை சமைச்ச ஆள். ஒரு மாசம் வைச்சுப் பாத்து நத்தாருக்கு நிரந்தரமாக்கிறதாம்.

அந்த மனுசனும் வந்தார். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சட்டை, மீசைக்கு எண்ணெய். என்னைத் தங்கச்சி எண்டு கூப்பிட்டு, தேங்காயை இன்னும் மெல்லிசாய்த் துருவச் சொன்னார். கை நல்ல கைதான், பொய் சொல்லக்கூடாது. அவர் வைச்ச கோழி இறைச்சிக் கறியின்ரை வாசத்துக்கு, படிச்சுக்கொண்டிருந்த பிள்ளையள் யன்னலாலை எட்டிப் பாத்துதுகள்.

அப்பிடியிருக்க, மிசியம்மாவின்ரை தமக்கை கப்பலிலை வாறா எண்டு கடிதம் வந்தது. மார்கழி மாசம், பள்ளிக்கூடம் பூட்ட ஒரு கிழமை இருக்கேக்கை வந்து சேருவாவாம். மிசியம்மா மலைநாட்டிலை ஆருக்கோ எழுதி, ரெயிலிலை ஒரு சாக்கு உருளைக்கிழங்கு எடுப்பிச்சா. அந்தக் காலத்திலை எங்கடை பக்கத்திலை உருளைக்கிழங்கு எண்டால் காய்ச்சல்காரருக்கும் கலியாண வீட்டுக்கும்தான். சாக்கோடை நாங்கள் கண்டது அதுதான் முதல்தரம்.

மிசியம்மா குசினிக்கு வந்து எங்களுக்கு விளங்கப்படுத்தினா. அவ கதைக்கிற தமிழ் புத்தகத் தமிழ். நாங்கள் சிரிச்சாலும் அவ கோவிக்கமாட்டா.

"என் தாயார் ஞாயிறு காலைதோறும் கிழங்கு ரொட்டி செய்வார்கள். வட்டமாகத் தட்டி, நான்காகப் பிளந்து, கனத்த இரும்பின்மேல் இடுவார்கள். உள்ளே மிருதுவாயிருக்கும். என் தமக்கை வரும் காலையில் அது மேசையில் இருக்கவேண்டும் என்பது என் விருப்பம்."

எப்பிடிக் குழைக்கிறது, என்ன அளவு எண்டு கேட்டால் மிசியம்மாவுக்குத் தெரியாது. அவ கடைசிப் பிள்ளையாம். தமக்கைதான் தாயோடை அடுப்படியிலை நிண்டவவாம், இவ புத்தகத்தோடை இருந்தவவாம். கிழங்கு, மா, உப்பு, கொஞ்சம் பட்டர். அவ்வளவுதான் அவவுக்கு ஞாபகம்.

வாடிவீட்டு அண்ணை, எனக்கு விடுங்கோ அம்மா, துரைமாருக்கு எத்தினை பாண் போட்டிருக்கிறன் எண்டார். பாண் எண்ட அந்த உப்பின ரொட்டியை எங்கடை ஊரிலை கள்ளு விட்டுத்தான் புளிக்க வைக்கிறது. அவரும் விடியக்காலமை இறக்கின கள்ளு ஒரு முட்டி எடுப்பிச்சு, மசிச்ச கிழங்கும் மாவும் சேத்துக் குழைச்சு, பொங்கவிட்டு, குசினிக்குப் பின்னாலை இருந்த, பாண் சுடுகிற போறணையிலை வைச்சு எடுத்தார். பாக்க வடிவாய்த்தான் இருந்தது. தலையணைபோலை எழும்பி, மேலுக்கு நல்ல நிறம்.

ஆனால் எங்கடை மிசியம்மா ஊர் ஊராய்ப் போய்க் கள்ளுக் குடிக்கக்கூடாது எண்டு கூட்டம் வைக்கிற ஆள். பாணை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனவ அப்பிடியே நிப்பாட்டி, இதென்ன மணம் எண்டு கேட்டா. அவரும் பெருமையாய், புதுக் கள்ளம்மா, மரத்தாலை இறக்கிப் பத்து நிமிசத்திலை குழைச்சது எண்டார். மிசியம்மா பாணைப் பீங்கானிலை மெல்ல வைச்சுப்போட்டு எழும்பிப் போனா. பிறகு கூப்பிட்டு, கள்ளில்லாமல் ஒருக்காச் செய்யச் சொன்னா. செய்தார். அது பொங்காமல் போறணைக்குள்ளை செங்கல்லாய்ப் போச்சுது.

நான் தேங்காய் துருவிக்கொண்டே சொன்னன், "முதல் பாண் பறவாயில்லை அண்ணை. தள்ளாடித் தள்ளாடியெண்டாலும் மேசைக்குப் போய்ச் சேந்தது."

அவர் சிரிச்சார். சிரிச்சுப்போட்டு, "அப்ப தங்கச்சி சுடுங்கோவன், பாப்பம்" எண்டார்.

எனக்கு அந்தச் சொல்லுக் காணும். மிசியம்மாவிட்டைப் போய் நான் ஒருக்காச் சுட்டுப் பாக்கட்டோ எண்டு கேட்டன். உமக்கு அது தெரியுமா எண்டா. தெரியாது, ஆனால் கைக்குப் பிடிபட்டிடும் எண்டன். தமக்கை வர எட்டு நாள் இருக்கு, கிழங்கை வீணாக்காமல் பாரும் எண்டு விட்டா.

முதல்நாள் நான் செய்த பிழையை இப்ப நினைச்சாலும் சிரிப்பு வரும். எங்கடை யாழ்ப்பாணத்திலை வீட்டுச் சமையலுக்குக் கோதம்பமாவைப் பச்சையாய் ஆரும் தொடமாட்டினம். துணியிலை கட்டி, நீராவியிலை அவிச்சு, கட்டி உடைச்சு, அரிதட்டிலை அரிச்சு எடுத்தால்தான் அது மா. பச்சை மா வயித்திலை பசையாய் ஒட்டும் எண்டு சின்னனிலையிருந்து கேட்டு வளந்தனாங்கள். புட்டுக்கும் அந்த மாதான், இடியப்பத்துக்கும் அந்த மாதான். மிசியம்மா மா எண்டு சொன்னவுடனை என்ரை கை தன்ரை பாட்டிலை அவிச்ச மாவை எடுத்துப்போட்டுது.

கிழங்கோடை அது ஒட்டவேயில்லை. எப்பிடி ஒட்டும்? அவிச்ச மாவிலை பிடிப்பெங்கை? வட்டமாய்த் தட்டினன், நாலாய் வெட்டினன், தூக்கினன், கையிலை உதிந்துபோச்சுது. அப்பு கண்ணைச் சுருக்கிப் பாத்துப்போட்டு, "அயர்லாந்திலையும் புட்டோ பிள்ளை அவிக்கிறவை?" எண்டார். வாடிவீட்டு அண்ணை சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டு ஒரு பீங்கான் திண்டார். நல்லாயிருக்கு எண்டும் சொன்னார். அது எனக்குப் பேச்சு வாங்கினதிலும் மோசம்.

அடுத்தநாள் மனசில்லாமல் பச்சை மா எடுத்தன். இந்தமுறை கிழங்கிலை பிழை. கறிக்குச் செய்யிறமாதிரித் தோலைச் சீவி, துண்டு துண்டாய் வெட்டித் தண்ணியிலை அவிச்சிருந்தன். அது தண்ணியை உறிஞ்சி ஊறிப்போய் இருந்தது. ஆறவிட்டுக் குழைச்சன். மா போடப்போட இழுத்துக்கொண்டே இருந்தது. கடைசியிலை சுட்டெடுத்தால் செருப்புத் தோல். நடுவிலை பச்சை மா மணம். அதோடை குசினியிலை இருந்த தாச்சிச்சட்டி மெல்லிசு, ஒருபக்கம் கருகி ஒருபக்கம் வெள்ளையாய் இருந்தது. மிசியம்மா ஒரு கடி கடிச்சு, நெடுநேரம் சப்பி, உம்முடைய முயற்சி நல்லது எண்டா. முயற்சி நல்லது எண்டால் சாமான் கூடாது எண்டு எனக்கு விளங்காதே?

கனத்த இரும்பு எண்டு மிசியம்மா சொன்னது அப்பதான் மனசிலை தட்டுப்பட்டுது. என்ரை கலியாணத்துக்குத் தந்த தோசைக்கல்லு அண்ணை வீட்டிலை கிடந்தது. ரெண்டு கையாலை தூக்கவேணும், அவ்வளவு பாரம். அண்டைக்குப் பின்னேரம் போய் அதை எடுத்துத் துடைச்சன். மச்சாள் வாசலிலை வந்து நிண்டா. ஊரிலை ஏற்கெனவே ஒரு கதை. நான் மிசியம்மாவின்ரை குசினியிலை மாவிலை சிலுவை கீறுறன், கெதியிலை கிறிஸ்து வேதத்துக்கு மாறிடுவன் எண்டு. ரொட்டியை நாலாய் வெட்டுறதுக்குத்தான் அந்தப் பேர். நாலு பேருக்குப் பங்கு வைக்கவேணுமெண்டால் வேறை எப்பிடி வெட்டுறது எண்டு நான் கேட்டன்.

மச்சாள் கல்லைப் பாத்தா. "கல்லு போனால், கல்லோடை நீயும் போனமாதிரித்தான்" எண்டா. சத்தம் போடாமல் சொன்னா. அதுதான் எனக்குச் சுட்டுது.

அண்ணை முத்தத்திலை நிண்டவர். நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டார்.

நான் கல்லைத் தூக்கி இடுப்பிலை வைச்சன். ரெண்டு சீலையை ஒரு துணியிலை கட்டி மற்றக் கையிலை பிடிச்சன். நடந்து வந்திட்டன். அண்டைக்கு மா இடிக்கிற பொம்பிளையளோடை களஞ்சிய அறையிலை பாயைப் போட்டுப் படுத்தன். அந்த வேலை கிடைக்காட்டில் போறதுக்கு எனக்கு வீடில்லை. அது எனக்கும் தெரியும், அப்புவுக்கும் தெரியும்.

அடுத்தநாள் காலமை சாக்குக்குப் பக்கத்திலை குந்திக்கொண்டு யோசிச்சன். கிழங்கு கிழங்குதானே. பனங்கிழங்கைத் தோல் உரிச்சோ அவிக்கிறனாங்கள்? வத்தாளங்கிழங்கைத் தோல் சீவியோ அவிக்கிறனாங்கள்? தோலோடை அவிச்சால் தண்ணி உள்ளை போகாது, மாச்சத்து வெளியாலை வராது. உருளைக்கிழங்கு கப்பலிலையும் ரெயிலிலையும் வாற சாமான் எண்டபடியால், அதை ஏதோ வேறை சாதி எண்டு நினைச்சுப்போட்டன்.

தோலோடை முழுசாய் அவிச்சன். தண்ணியை வடிச்சுப்போட்டு, பானையைத் தணல்மேலை வைச்சுக் குலுக்கினன், தோல் காய்ஞ்சு வெடிக்குமட்டும். ஆறவிடேல்லை. சுடச்சுட உரிச்சன். விரல் நுனியெல்லாம் கொப்பளம். சுடச்சுட மசிச்சு, உப்பும் பட்டரும் போட்டு, ஆவி பறக்கப் பறக்கப் பச்சை மாவைத் தூவிக் கையை வைச்சன்.

கையை வைச்ச உடனை விளங்கீட்டுது. மா வெதுவெதுப்பாய் மாறி, கிழங்கோடை மெத்தெண்டு சேந்து வருது. மாவை நான் முன்னம் அவிக்கத் தேவையில்லை, சுடுகிழங்கே மாவை அவிச்சுப்போடுது. அவிக்காத மா கூடாது எண்டு எங்கடை பொம்பிளையள் சொன்னதும் சரி. பச்சை மா போடுறது எண்டு மிசியம்மாவின்ரை தாய் செய்ததும் சரி. ரெண்டு ஊர்ப் பொம்பிளையளும் ஒண்டைத்தான் சொல்லியிருக்கினம். ஆற முதல் கையை வைக்கவேணும், அவ்வளவுதான். பிறகு சண்டைக்காலத்திலை மாத் தட்டுப்பாடு வந்தநேரம் மரவள்ளிக்கிழங்கிலையும் இதே பக்குவத்திலை சுட்டனான். அதுவும் வந்தது. வராமல் விடுமோ?

அதிகம் உருட்டாமல் வட்டமாய்த் தட்டி, நாலாய் வெட்டினன். தேங்காய்ப் பொச்சுமட்டைத் தணலிலை கல்லைக் காயவைச்சு, எண்ணெய் பூசாமல் வெறும் மா ஒரு சிட்டிகை தூவி, நாலு துண்டையும் போட்டன். மற்றப்பக்கம் திருப்பேக்கை புள்ளி புள்ளியாய்ச் சிவந்திருந்தது. ஒரு துண்டு எடுத்து அப்புவின்ரை கையிலை வைச்சன். அவர் முழுத்துண்டையும் திண்டு முடிச்சார். பிறகு, இதை இப்ப ஆருக்கும் காட்டாதை, அந்த மனுசி வாற அண்டைக்குக் கொண்டுபோய் வை எண்டார்.

தமக்கை வந்து சேந்தா. மெலிஞ்ச, உயரமான மனுசி. ஒரு சொல்லுத் தமிழ் தெரியாது. அடுத்தநாள் காலமை மேசைக்கு வந்து குந்தினா. துணியாலை மூடி, சூடு ஆறாமல் நானே கொண்டுபோனன். துணியை எடுத்தன். அந்த மனுசி பீங்கானைப் பாத்தா, தங்கச்சியைப் பாத்தா, பிறகு கத்தி கரண்டி ஒண்டும் எடுக்காமல் கையாலை ஒரு துண்டை எடுத்துப் பிய்ச்சு, பட்டர் பூசித் திண்டா. ரெண்டாவது துண்டையும் எடுத்தா. மூண்டாவதையும். நான் சுவரோடை நிண்டு எண்ணிக்கொண்டு நிண்டன். பீங்கான் வெறுமையாகின பிறகு, நான் சொன்னமாதிரி, இன்னும் ரெண்டு கேட்டா.

அதோடை விடேல்லை. எழும்பி நேரை குசினிக்குள்ளை வந்திட்டா. வெள்ளைக்கார விருந்தாளியள் அந்தப் புகைக்குள்ளை வாறதில்லை. அப்புவும் வாடிவீட்டு அண்ணையும் எழும்பி நிண்டினம். அவ கல்லைத் தொட்டுப் பாத்தா. என்ரை கையைப் பிடிச்சுத் திருப்பி விரல் நுனியைப் பாத்தா. கொப்பளத்தைக் கண்டவுடனை வாய்விட்டுச் சிரிச்சா. தங்கச்சியிட்டை ஏதோ சொன்னா.

மிசியம்மா சொன்னா, "கிழங்கு ஆறும்வரை காத்திருக்கிறவளுக்கு இந்த ரொட்டி வராது என்று எங்கள் தாயார் சொல்வார்களாம். நான் அதைக் கேட்டதேயில்லை. உமக்கு யார் சொன்னார்கள் என்று கேட்கிறாள்."

ஒருதரும் சொல்லேல்லை, நானாய்க் கண்டுபிடிச்சனான் எண்டன். அதை மிசியம்மா தமக்கைக்குச் சொல்லுமட்டும் பொறுத்து நிண்டன். பிறகு கேட்டன். கேக்காமல் கிடைச்ச சாமான் எனக்கு எண்டைக்கும் இருந்ததில்லை.

"அப்ப இந்தக் குசினியை எனக்குத் தாருங்கோ அம்மா."

மிசியம்மா வாடிவீட்டு அண்ணையைப் பாத்தா. பிறகு என்னைப் பாத்தா. கூடாத மனுசி இல்லை, ஆனால் பயம் இருந்தது அவவுக்கு. "ரொட்டி வேறு, அறுபது பிள்ளைகள் வேறு. அந்தப் பெரிய கிடாரத்தை நீர் எப்படித் தூக்குவீர்?"

"அப்பு எண்டைக்கம்மா தூக்கினவர்? ஏழு வருசமாய் நாங்கள் பொம்பிளையள் ரெண்டுபேர் தடி போட்டுத்தான் தூக்கிறனாங்கள். அப்பு அங்காலை தள்ளு, இங்காலை தள்ளு எண்டு சொல்லுறவர். அதை நானும் சொல்லுவன்."

வாடிவீட்டு அண்ணைதான் முதல் சிரிச்சது. அப்பு துவாயாலை முகத்தைத் துடைச்சுப்போட்டு, "ஓம் அம்மா. உவள் சொல்லுறது மெய்" எண்டார்.

"நல்லது" எண்டா மிசியம்மா. "இன்றுமுதல் இந்தக் குசினிக்கு நீரே பொறுப்பு. பெரியவர் போனதும் அந்த அறையும் உம்முடையது."

வாடிவீட்டு அண்ணைக்குப் போற இடமில்லாமல் இல்லை, பழைய வேலை அவரை வா எண்டு கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தது. அப்பவே வெளிக்கிட்டார், போக முதல் பக்கத்திலை வந்து, அந்த ரொட்டி எப்பிடித் தங்கச்சி எண்டு கேட்டார். ஒண்டும் ஒளிக்காமல் சொன்னன். எல்லாம் சொன்னன். சொன்னவுடனை வந்திடுமே?

மிசியம்மாவும் தமக்கையும் விறாந்தையிலை போய்க் கதிரையிலை இருந்து கதைக்கத் துவங்கிச்சினம். வெய்யில் ஏறியிட்டுது. ரொட்டிப் புதினத்திலை எல்லாரும் மத்தியானச் சாப்பாட்டை மறந்துபோச்சினம். உலை வைக்கேல்லை, மரக்கறி வெட்டேல்லை. பன்னிரண்டு மணிக்கு அறுபது பிள்ளையளும் கோப்பையோடை வந்து நிக்குங்கள். நான் சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அரிசியைக் களையுங்கோ எண்டன்.

மா இடிக்கிற பொம்பிளையள் ரெண்டுபேரும் கிணத்தடிக்குத் தண்ணிக்குப் போயிருந்தினம். அப்புவைவிடக் குசினியிலை வேறை ஆள் இல்லை. அப்பு வாங்கிலையிருந்து மெல்ல எழும்பினார், சுவரைப் பிடிச்சுப் பிடிச்சுப் போய் அரிசி களையிற அரிக்கன்சட்டியை எடுத்து, "எத்தினை கொத்து அரிசி, பிள்ளை?" எண்டு கேட்டார்.